இடது ஏழு, வலது ஐந்து

எனக்கு வேலை ஜோடி பார்ப்பது.
ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாம் லைன், கடைசி மேசை.
இடதையும் வலதையும் ஒட்டி நிறுத்தி
குதி உயரம், தையல் ஓட்டம், தோலின் நிறம்.
ஒரு நூல் பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர்.
பதினோரு வருஷத்தில்
என் கண்ணுக்குத் தப்பிக் கப்பல் ஏறியது எதுவுமில்லை.

மாசியில் என் இடது கொலுசு இறுகியது.
கழற்றி டப்பாவில் போட்டேன்.
வலது மட்டும் ஒருநாள் முழுக்கத் தனியே குலுங்கியது.
பிறகு அதையும்.

'நின்னே வேலை செய்யறே, அதான்' என்றார் தயாளன்.
நிற்பது இரண்டு காலும்தானே
என்று நான் கேட்கவில்லை.
ஞாயிறு முழுக்கத் தலையணை மேல் தூக்கி வைத்தேன்.
திங்கள் காலை வடிந்த மாதிரி இருந்தது.
மாதிரி.

யானைக்கால் என்றது தெரு.
ராத்திரி பத்துக்கு மேல்தான் புழு ரத்தத்துக்கு வருமாம்.
டார்ச்சோடு வந்த சுகாதார ஊழியர்
விரல் நுனியில் குத்திக் கண்ணாடியில் தேய்த்துப் போனார்.
புழு இல்லை.
நரம்பு சுருட்டிக்கொண்டது என்று
ஆற்காட்டில் ஒருவர் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்.
முன்னூறு ரூபாய்.

முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துவேன்.
குழி விழும்.
நாற்பது எண்ணும்வரை மூடாது.

எங்கள் ஊரைக் கேலி செய்ய ஒரு பழைய வரிசை உண்டு:
நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில், மரமில்லாத மலை.
கடைசியில் நானும் ஒன்று சேர்த்துச் சிரித்தேன்:
காரணமில்லாத கால்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரி.
வங்காளம் பேசும் வரிசைக்கு நடுவே
என் டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு.
டாக்டருக்கு என் தங்கச்சி வயசு.
அளவு நாடா எடுத்தார்,
எங்கள் லைனில் தொங்குமே, அதே மஞ்சள்.
இடது நாற்பத்தொன்று. வலது முப்பத்துநாலு.
எழுதி அடியில் கோடு போட்டார்.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் கை எனக்குத் தெரியும்.

தொடையில் ரத்தம் உறைந்திருந்தது.
'தேய்ச்சீங்களா?'
முன்னூறு ரூபாய் என்றேன்.
கண்ணை மூடித் திறந்தார்.
அப்புறம் கேட்டதெல்லாம் காலைப் பற்றியே இல்லை.
பசி எப்படி. எடை குறைந்ததா.
நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறதா.
'கால்லதானே வீக்கம், வயித்துக்கு எதுக்கு ஸ்கேன்?'
என்றார் தயாளன்.
'அடிபடலை. படுத்த படுக்கையா இல்லை.
சும்மா உறையாது சார்.
ஏன் உறைஞ்சதுன்னு பார்க்கணும்.'

நீரில்லாத ஆறு என்று எவன் சொன்னான்.
மணலுக்கு அடியில் அது பாட்டுக்கு ஓடுகிறது.
அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைத்
தோல் ஊர்க்காரர்கள் குடித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

சூல்பையில், இடப்பக்கம்.
எலுமிச்சை அளவு என்றார்கள்.
'பெரிய எலுமிச்சையா?' என்று கேட்டுவிட்டு
தயாளன் சுவரைப் பார்த்தார்.
சீக்கிரம் வந்துவிட்டேனா என்றேன் நான்.
'இன்னும் லேட்டா வந்திருக்கலாம்' என்றார் டாக்டர்.
அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆபரேஷன் முடிந்தது. ஆறில் மூன்று ஊசி முடிந்தது.
தலை மொட்டை. கால் பாதிதான் வடிந்திருக்கிறது.
ஆடி கழிந்து மறுபடி ஸ்கேன்.

நேற்று மேல்விஷாரத்திலிருந்து நிகார் வந்தாள்.
கழித்த பெட்டியில் பொறுக்கி
புர்காவுக்குள் ஒளித்து எடுத்துவந்த ஷூ:
இடது ஏழு, வலது ஐந்து.
ஒரே தோல், ஒரே பழுப்பு.
என் மேசைக்கு வந்திருந்தால் நானே தள்ளியிருப்பேன்.
போட்டுக்கொண்டு வராந்தாவில் நாலு தரம் நடந்தேன்.
'கடிக்குதா?' என்றாள். இல்லை.

ராத்திரி தூக்கம் வராமல் மிச்சக் கணக்கு வந்தது.
வலது ஏழும் இடது ஐந்தும்
இன்னும் அந்தப் பெட்டியில் கிடக்கும்.
எங்கேயோ ஒருத்தி
வலது கொலுசைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு
'நின்னே வேலை செய்யறேன், அதான்'
என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.